அமுக்கு மிட்டாய்

கல்யாண மண்டபத்து வாசல் தட்டில் சந்தனம், குங்குமம், கல்கண்டு. பக்கத்திலேயே ஒரு கிண்ணம் நிறைய அமுக்கு மிட்டாய். நாமக்கல் வட்டாரத்தில் இப்போதெல்லாம் அது இல்லாமல் எந்த விசேஷமும் நடப்பதில்லை. பன்னீர் தெளிக்க மறந்தால்கூட மன்னித்துவிடுவார்கள். மிட்டாய்க் கிண்ணம் இல்லையென்றால், வந்தவர்கள் செருப்பைக் கழற்றாமலே திரும்பிவிடுவார்கள்.

எல்லாம் மண்டபத்துக் கூரையில் தொங்கும் இருமல்செவிக்குப் பயந்துதான். தேங்காய் மூடியைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஒரு சின்னக் கருவி. கோழிப்பண்ணை, மாட்டுத் தொழுவம், பேருந்து, பள்ளிக்கூடம், கோயில் என்று உலகத்தில் மூச்சுவிடும் உயிர் நாலு சேருகிற இடத்திலெல்லாம் ஒன்று தொங்கியது. மனிதர் பேச்சை அது சட்டை செய்யாது. இருமல், தும்மல், நோய்க்கோழியின் கொறட்டை இவற்றை மட்டும் பிரித்தெடுக்கும். ஒரே விதமான நோய் இருமல் ஓரிடத்தில் பெருகினால் பச்சை விளக்கு மஞ்சளாகும், பிறகு சிவக்கும். சிவந்த நிமிடமே அந்த இடத்தைச் சுற்றி வளையம் விழும். உள்ளே இருப்பவர் வெளியே வர முடியாது. கோழிகள் மொத்தமும் குழிக்குப் போகும்.

அதைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். எங்கோ ஓர் ஆற்றங்கரை வாத்துக் கூட்டத்தில் கிளம்பிய காய்ச்சலை, அது அடுத்த ஊருக்குப் போகும் முன்பே பிடித்துக் காட்டிய கருவி. பெருந்தொற்று என்ற சொல்லே இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. ஆனால் பண்ணைக்காரனுக்கு வளையம் என்றால் ஒரு வருடப் பிழைப்பு போச்சு என்று அர்த்தம். மனிதன் சும்மா இருப்பானா? தொண்டையை மரத்துப்போக வைத்து இருமலை அமுக்கும் மிட்டாயைக் கண்டுபிடித்துவிட்டான். உறையில் ‘தொண்டை இதமி’ என்று கௌரவமாக அச்சடித்திருக்கும். பெட்டிக்கடையில் கேட்கும்போது எல்லாரும் அமுக்கு என்றுதான் கேட்பார்கள்.

சுடர்க்கொடியும் அப்படித்தான் கேட்டு வாங்குவாள். இத்தனைக்கும் அவள் அரசாங்கக் கால்நடை மருத்துவர். வட்டாரத்துப் பண்ணைச் செவிகள் எல்லாம் அவள் பொறுப்பு.

மகள் நறுமுகைக்கு மறுநாள் கல்யாணம். சமையல் விஷயமாக ஒரு வார்த்தை பேசிவிட்டு வரலாம் என்று சம்பந்தி நாச்சிமுத்துவின் பண்ணைக்குப் போனாள். போன இடத்தில் கால் தானாகக் கொட்டகைக்குள் நுழைந்துவிட்டது. பழக்கதோஷம்.

உள்ளே அப்படி ஓர் அமைதி. கோழிகள் கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு, பாதிக் கண் மூடி உட்கார்ந்திருந்தன. கொண்டைகள் நீலம் பாரித்திருந்தன. ஒன்றைத் தூக்கிக் காதோடு வைத்துப் பார்த்தாள். நெஞ்சுக்குள் சளி நிறைந்து கிடக்க, மேலே ஒரு சத்தமும் இல்லை. இறக்கிவிட்டதும் அது அப்படியே சாய்ந்து செத்துப்போனது. கொட்டகையின் மூலையில் செத்தவை சாக்குப் போட்டு மூடிக் கிடந்தன. உத்தரத்தில் செவி பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

“எத்தனை நாளா இப்படிங்க சம்பந்தி?”

பின்னாலேயே வந்த நாச்சிமுத்து துண்டை உதறித் தோளில் போட்டார். “வெயிலுங்க சம்பந்திம்மா. வெயிலுக்குச் சாகறதுதானுங்க. ஒண்ணுங்கூடக் கொறட்டை விடலீங்களே. செவியும் பச்சையாத்தானுங்க இருக்குது.”

“ரஞ்சனை எங்கே காணோம்?” கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் ஒடிசாக்காரப் பையன் அவன். எப்போது வந்தாலும் சிரித்துக்கொண்டு முட்டை கொண்டுவந்து கொடுப்பான்.

“ஆஸ்பத்திரில சேர்த்திருக்குதுங்க. மூச்சு வாங்குச்சு. இதயக் கோளாறுன்னு எழுதிட்டாங்க. இருமலே இல்லீங்க, சத்தியமா.”

சுடர்க்கொடி குனிந்து செத்த கோழியைப் பார்த்தாள். இருமல் எப்படி வரும்? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். அந்தச் சட்டியைக் காலி செய்தவர்களே இவர்கள்தானே. செவி வந்த நாளிலிருந்து, லேசாகக் கொறட்டை விட்ட கோழியைச் செவி எண்ணிக்கொள்வதற்குள் பிடித்துக் குழம்பு வைத்துவிடுவது இந்த ஊர் வழக்கம். சத்தம் போடாத கோழி மட்டும் முட்டை வைத்தது, அதன் குஞ்சும் சத்தம் போடவில்லை. கடைசியில் ‘அமைதி இனம்’ என்று பெயர் வைத்துக் குஞ்சுப் பொரிப்பகங்கள் விற்கத் தொடங்கின. சத்தம் போட்ட கிருமியெல்லாம் குழிக்குப் போனது. சத்தம் போடாத கிருமி, சத்தம் போடாத கோழிக்குள் சௌகரியமாகக் குடியேறிவிட்டது. அங்கிருந்து ரஞ்சனுக்கு வந்திருக்கிறது. ரஞ்சன் வாயில் மிட்டாய் இருந்திருக்கும்.

“இதை நான் மேலே சொல்லியாகணுங்க.”

நாச்சிமுத்துவின் குரல் இறங்கியது. “நாளைக்கு முகூர்த்தம். உங்க பொண்ணும் எம் பையனும் மணவறையில உட்காரப் போறாங்க. நீங்களே வளையம் போடச் சொல்றதுங்களா? செவிக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிஞ்சு போச்சுங்களா?”

கோபமாகச் சொல்லியிருந்தால் அவளும் கோபப்பட்டிருப்பாள். அவர் கெஞ்சினார். சொல்லி முடித்துவிட்டு மடியிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார், ஏற்கெனவே ஒன்று இருந்ததற்கு மேல்.

வீட்டுக்கு வந்ததும் உலகச் செவி மையத்துக்குப் போன் போட்டாள். தென்னிந்தியப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் அருமைநாயகம் பேசினார். தங்கமான மனிதர், யாரையும் கடிந்து பேசத் தெரியாதவர்.

“மேடம், செவி சிவக்காம வளையம் போட எனக்கு அதிகாரம் இல்லையே. வாய்ச்சொல்லை நம்பி ஊரைப் பூட்டின காலத்துல என்ன கலவரம் நடந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாததா?”

“ஆய்வகத்துலயாவது சொல்லி, கோழியைச் சோதிக்கச் சொல்லுங்க சார்.”

“செவி சிவந்தா விழற அந்தச் சிவப்பு எண் இல்லாம அவங்க கதவைத் திறக்க மாட்டாங்க.” உடனே குரலில் உற்சாகம் ஏறியது. “நல்ல சேதி ஒண்ணு இருக்கு. இந்த வருஷம் உலகத்துலயே ரொம்பப் பச்சையான மாவட்டம் உங்களோடதுதான். விருது வருது. மகளுக்கு என் ஆசீர்வாதத்தச் சொல்லுங்க.”

அவள் போனை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். பொய்யாக இருமிப் பார்க்கவும் வழியில்லை. நடிப்பு இருமலைச் செவி கண்டுபிடித்துவிடும். விளையாட்டுக்கு இருமிய பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பெற்றோர் அபராதம் கட்டிய கதை ஊருக்கே தெரியும். செவிக்கு நிஜ இருமல் வேண்டும். பண்ணைகளிலேயே புழங்கும் ஊர்ச்சனத்தின் நெஞ்சுக்குள் இருக்கும் அது, நாளைக்கு மண்டபம் முழுக்க வந்து உட்காரப் போகிறது, வாயில் மிட்டாயை அதக்கிக்கொண்டு.

கல்யாணத்தன்று காலை, மண்டபத்து வாசலில் தட்டை அவளே எடுத்தாள். மிட்டாய்க் கிண்ணத்தைப் பைக்குள் கவிழ்த்துவிட்டு, அதே கிண்ணத்தில் அதே நிறத்து ஆரஞ்சு மிட்டாயை நிரப்பினாள். வெறும் சர்க்கரை. அப்போதுதான் தன் கன்னத்துக்குள் ஏதோ உருளுவது தெரிந்தது. பல் துலக்கியதும் போட்டுக்கொண்ட அமுக்கு. எப்போது போட்டோம் என்றே நினைவில்லை. ஊரைத் திருத்தக் கிளம்பியவளின் லட்சணம் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு அதைத் துப்பினாள்.

மணமகள் அறையில் நறுமுகை கூந்தலுக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். சுடர்க்கொடி கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். மகளிடம் மறைத்துச் செய்ய மனசு ஒப்பவில்லை.

நறுமுகை கண்ணாடியில் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். “தாலி ஏறுற வரைக்குமாச்சும் பொறுக்கக் கூடாதாம்மா?”

“அவங்கவங்க வீட்டுல போட்டுட்டு வந்தது எப்பத் தெளியும்னு எனக்குத் தெரியாது கண்ணு. கணக்குப் போட்டு இரும வெக்க என்னால முடியுமா?”

“ரஞ்சன் அண்ணன் பிழைச்சிருவாங்களா?”

“தெரியல. என்ன நோயின்னு பார்த்தாத்தான் மருந்து. செவி சிவந்தாத்தான் பார்ப்பாங்க.”

நறுமுகையின் கண் நிறைந்தது. மை கலையக் கூடாதே என்று அண்ணாந்து பார்த்தாள். அப்படியே கை நீட்டினாள். உள்ளங்கையில் அவள் வாயிலிருந்த மிட்டாய் இருந்தது. “இந்தாம்மா. எனக்கும் நெஞ்சு ரெண்டு நாளா பாரமாத்தான் இருக்கு. சொன்னா நீ பயப்படுவேன்னு சொல்லல.”

பெற்ற மனம் அதற்கப்புறம் எதையும் யோசிக்கவில்லை.

மண்டபம் நிரம்பியது. வந்தவர்கள் எல்லாரும் கிண்ணத்தில் ஒன்றெடுத்து வாயில் போட்டுக்கொண்டு, இனிப்பு இன்று தூக்கல் என்று சொல்லியபடி உட்கார்ந்தார்கள். மேளம் ஒலிப்பெட்டியில் முழங்கியது. நாதஸ்வரம் ஊத ஆள் வைத்து நாளாயிற்று. ஊதுகிறவருக்கு மிட்டாய் ஆகாது, மிட்டாய் போடாதவரை மண்டபத்துக்குள் விடமாட்டார்கள்.

முதலில் இருமியது சுடர்க்கொடிதான். வரவழைத்ததல்ல, அடிவயிற்றிலிருந்து கிளம்பி வந்தது. பெரிய சபையில் பாத்திரம் விழுந்த மாதிரி எல்லாரும் திரும்பினார்கள். பக்கத்திலிருந்த நாச்சிமுத்துவின் மனைவி, “மிட்டாய் போட்டுக்கங்க சம்பந்தி, மிட்டாய்!” என்று பதறிக் கிண்ணத்தை நீட்டினாள். நீட்டியவளே இருமினாள்.

அப்புறம் சமையல்காரர். அப்புறம் பின்வரிசையில் நாலைந்து பேர். ஆளுக்கு ஆள் கிண்ணத்தில் கைவிட்டு மிட்டாயை அள்ளினார்கள். அள்ள அள்ள இருமல் கூடியதே தவிரக் குறையவில்லை. செவி மஞ்சளானது. மணவறையில் மாப்பிள்ளை தாலியைக் கையில் வைத்துக்கொண்டு கூரையையே பார்த்தான். நறுமுகை அவன் மணிக்கட்டைப் பிடித்து, “முடிச்சைப் போடுங்க, மேல பார்க்காதீங்க” என்றாள். இருமிக்கொண்டே அவன் மூன்று முடிச்சையும் போட்டான். அட்சதையும் இருமலும் சேர்ந்து விழுந்தன.

செவி சிவந்தது. மண்டபத்துக் கதவுகள் தாமாகச் சாத்திக்கொண்டன.

நாச்சிமுத்து எழுந்து அவளிடம் வந்தார். ஊர் கூடித் திட்டப்போகிறது என்று சுடர்க்கொடி தயாராக நின்றாள். அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமி முடித்து, கண்ணைத் துடைத்தார்.

“என்னமோ போங்க சம்பந்திம்மா. இத்தனை நாள் உள்ளேயே கிடந்தது வெளியில வந்ததுல நெஞ்சு லேசாத்தானுங்க இருக்குது.” பிறகு மெதுவாகக் கேட்டார். “ரஞ்சனுக்கு இனி மருந்து கொடுப்பாங்களா?”

“கொடுப்பாங்க. இப்ப சிவப்பு எண் இருக்கு.”

சற்று நேரத்தில் அருமைநாயகம் கூப்பிட்டார். “மேடம், கருவியில ஏதோ கோளாறு. உங்க மாவட்டம் எப்படிச் சிவக்கும்?”

“கோளாறு இல்ல சார். இப்பத்தான் அது சரியாக் கேக்குது.”

“இல்ல மேடம், யோசிச்சுப் பாருங்க. உங்க ஊர் அமைதி இனக் கோழியத்தான் எண்பது நாட்டுக்கு அனுப்பியிருக்கோம். பண்ணையப் பராமரிக்கறதுக்கும் உங்க முறைதான் பாடம். அத்தனை நாடும் பச்சையா இருக்கு. ஒண்ணுலகூடச் சிவப்பு இல்லையே!”

எண்பது நாடு. சுடர்க்கொடி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். அவர் பேச்சுக்கிடையில் இன்னொரு சத்தமும் அவளுக்குக் கேட்டது. கோழி நெஞ்சில் காது வைத்தே காலம் கழித்தவள். பல்லில் பட்டு ஏதோ உருளும் அந்தச் சின்னச் சத்தம் அவளுக்குத் தப்பவில்லை.

“சார், உங்க வாயில என்ன?”

“ஒண்ணுமில்ல மேடம். தொண்டைக்கு இதமா... இங்க மையத்துல எல்லாரும் போடறதுதான். தலைக்கு மேலயே செவி தொங்குது பாருங்க.”

“துப்பிருங்க சார். கொஞ்ச நேரமாகும், நான் போனை வைக்கல.”

மறுமுனையில் எதையோ துப்பும் சத்தம் கேட்டது. மண்டபத்தில் பந்தி போட்டுவிட்டிருந்தார்கள். பூட்டிய கதவுக்குள்ளும் பசிக்கத்தானே செய்யும். நறுமுகை அம்மாவுக்கு ஒரு தம்ளர் வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள். அதைப் பாதி குடித்து முடித்தபோது, தொலைவில் அருமைநாயகம் இருமுவது கேட்டது.