காலி வலையின் தொப்பை

வலைக்குத் தொப்பை போட்டிருந்தது.

உப்பளத்து ஓரமாக இரண்டு கம்பங்களுக்கு நடுவில் காயப்போட்டிருந்த இரும்பு வளைய வலை அது. மலைப்பாதையில் உருண்டு வரும் பாறையைத் தாங்கிப் பிடிக்கக் கட்டுவது. மரக்காணத்தில் ஏது மலை? கண்ணுக்கு எட்டிய வரை தட்டையாக, உச்சி வெயிலில் கண் கூசும் வெள்ளை உப்புப் பாத்திகள்தான். வலைக்குள் ஒன்றுமே இல்லை. ஆனாலும் ஆளுயரப் பாறையைச் சுமப்பதுபோல நடுவில் புடைத்து, கடற்காற்றை எதிர்த்துக்கொண்டு, ஜான்சி நின்ற பக்கமாகத் தொங்கியது.

நாற்றம் வேறு. குப்பத்தில் பிறந்தவளுக்கு அழுகின மீன் தெரியாதா? இது மீன் இல்லை.

"கழுவலையாக்கா?"

"மூணு வாட்டி கழுவிட்டேன் பாப்பா," என்றாள் அம்சவல்லி, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு. "பாத்தித் தண்ணியிலதான். ரத்தக்கறை உப்புத் தண்ணியிலதான போவும்?"

போன தடவையும் இதே தண்ணீரில்தான் பழைய வலைகளைக் கழுவினார்கள். உப்பு இரும்பைத் தின்றது. வளைய இடுக்குகளில் வெள்ளையாகப் பூத்திருந்ததைப் பார்த்துவிட்டும், குவாலிட்டி இன்ஜினியர் ஜான்சி, அவள் வீட்டின் முதல் பட்டதாரி, புது வலை என்று கையெழுத்துப் போட்டாள். மலையில் வலை அறுந்தது. பாறை ஒரு வேன்மேல் இறங்கியது. ஒன்பது பேர். அந்த வலைதான் திரும்பி வந்திருக்கிறது, மறுபடியும் புதிதாகப் போக.

"இதுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் சார்."

சூப்பர்வைசர் பக்தவச்சலம் பிரியாணி தின்ற இலையை மடித்தபடியே சிரித்தார். "இப்பதான் ரோஷம் வருதா? மொதல் கையெழுத்து யாருது, எங்க தாத்தாவுதா? வேற எவனாவது வந்து இதப் பாத்தான்னு வையி, உள்ள போறது நீதாம்மா. பேசாம பெயின்ட எடு."

அவர் சொன்னது உண்மை. அதுதான் அருவருப்பு.

பிரஷ்ஷோடு நெருங்கினாள். வலையில் மொய்த்திருந்த ஈக்கள் எழவில்லை. புடைப்பின் நடுவில் தகரத் தகடு, அதில் அவளுடைய பழைய கையெழுத்து, அதைச் சுற்றிக்கொண்டு ஒரு கொத்து முடி, நீளமாக, வேரோடு, உப்புப் பூத்து. பக்கத்து வளையத்தை நகத்தால் சுரண்டினாள். இரும்பாக இல்லை. மெத்தென்று இருந்தது. வெதுவெதுப்பாக.

கையைச் சுடிதாரில் துடைத்தாள். மறுபடி துடைத்தாள். போகவில்லை.

போட்டாள். பழைய பெயரின் மேலேயே. கறுப்புப் பெயின்ட் வழிந்தது.

வலை ஒரு சாண் கீழே இறங்கியது.

கம்பம் முனகியது. காற்று நின்றிருந்தது. "அக்கா," என்றாள். சத்தம் வரவில்லை. அம்சவல்லி அந்தப் பக்கம் குனிந்து எதையோ தேய்த்துக்கொண்டிருந்தாள்.

காலியான உள்பக்கத்திலிருந்து விரல்கள் வந்தன. வளையத்துக்கு வளையம். ஊறிச் சுருங்கி, வெளுத்து. வேன் ஜன்னலைப் பிடிப்பதுபோல. சின்ன விரல்களும் இருந்தன.

தகட்டைத் தேடின. காயாத அவள் பெயரைத் தொட்டன. வழித்து எடுத்தன. உள்ளே போயின.

சப்பும் சத்தம்.

பிறகு மறுபடி வெளியே வந்தன. சுத்தமாக. அவள் வலது கையை நோக்கி.