தலைமாடு மாறிய திங்கள்

வெள்ளிக்கிழமை காலை 6.50. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஓஸ்வால்ட் கட்டிலுக்குக் கீழே விழுந்து கிடப்பதை முதலில் பார்த்தவள் ஹோம் நர்ஸ் விஜி. நெற்றியில் சிறு காயம். பேச்சு இல்லை.

8.15. ஸ்கேனில் மூளைக்குள் ரத்தம் தெரிந்தது. கழுத்து ரத்தக்குழாயின் அடைப்பை ஸ்டென்ட் வைத்துத் திறந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது.

9.40. மகன் டிரேவர் புகார் கொடுத்தார். விஜி இரவு மாத்திரை கொடுக்கவில்லை, நோட்டில் பொய் எழுதியிருக்கலாம், தள்ளியும் விட்டிருக்கலாம் என்றார். வழக்குப் பதிவானால் ஏஜென்சி அவளை இனி எந்த வீட்டுக்கும் அனுப்பாது. ஜெயிலுக்கும் போகலாம்.

10.30. இன்ஸ்பெக்டர் சுனிதா டாக்டர் சேஷகிரியைப் பார்த்தார்.

"தள்ளி விட்டதால வந்ததா டாக்டர்?"

"இல்ல. நெத்திக் காயம் தோலோட சரி. பல வருஷம் கொஞ்சமா ரத்தம் வாங்கின மூளை இது. அடைப்பு திறந்ததும் வெள்ளமா பாயும். பிரஷரை அடக்கி வெக்கலன்னா உள்ள வெடிச்சிடும்."

"காலைல ஆறு மணிக்கு பிரஷர் 112ன்னு நர்ஸ் சொல்றா."

"இங்க வந்தப்ப 196."

12.05. சுனிதா விஜியையும் அழைத்துக்கொண்டு ஓஸ்வால்டின் வீட்டுக்குப் போனார். டிரேவர் கதவைத் திறந்தார். சுவரை ஒட்டிக் கட்டில். தலையணைக்கு மேலே இயேசு படம். ஸ்டூலில் பிரஷர் மெஷின், நோட்டு. ஞாயிறும் திங்களும் 148, 150, 146. செவ்வாய் காலை 112. அதன்பின் எல்லாமே 110ஐ ஒட்டி. இரவு மாத்திரை மூன்று கொடுக்கப்படாமல் மீதி இருந்தது.

"ஒரே ராத்திரில முப்பத்தஞ்சு இறங்குமா?"

"மெஷின் காட்டினதைத்தான் எழுதினேன் மேடம்," என்றாள் விஜி. "ராத்திரி மாத்திரை வேணாம்னு டிரேவர் சார்தான் சொன்னாரு."

"நானா?" என்றார் டிரேவர். "அந்த நோட்டை நான் தொட்டதே இல்ல. வைட்ஃபீல்ட் ஆபீஸுக்குப் போய் வரவே எனக்கு நேரம் சரியாப் போகுது."

சுனிதா கட்டிலைத் தட்டினார். "இது எப்பவும் இப்படித்தானா?"

"தலைமாடு அந்தப் பக்கம் இருந்துச்சு. டாடி கால் இயேசு படத்தைப் பாத்து இருக்குன்னு பக்கத்து வீட்டு நோரா ஆன்ட்டி திட்டினாங்க. திங்கள் சாயங்காலம் மாத்திப் படுக்க வெச்சோம்," என்றார் டிரேவர்.

"விஜி, எந்தக் கைல பிரஷர் பாத்தே?"

"எட்டுற கைல மேடம். முதல்ல வலது. தலைமாடு மாறினதும் அது சுவத்துப் பக்கம் போயிடுச்சு, இடதுல கட்டினேன்."

"டிஸ்சார்ஜ் பேப்பர் எங்க?"

"இன்ஷூரன்ஸுக்கு வேணும்னு என் பேக்ல இருக்கு," என்றார் டிரேவர். "அதுக்கும் இதுக்கும் என்ன மேடம்? டாக்டர் பயமுறுத்தத்தான் செய்வாங்க. நூத்திப் பத்துல இருக்கற மனுஷனுக்கு ரெண்டு வேளை மாத்திரை எதுக்கு?"

"ஹௌதா, அப்படியா? நோட்டைத் தொடாதவருக்கு நூத்திப் பத்து எப்படித் தெரியும்? உங்ககிட்ட நான் எண்ணே சொல்லலியே."

டிரேவர் பேக்கைத் திறந்தார். சுனிதா பேப்பரை வாங்கி இரண்டாம் பக்கத்தின் கடைசி வரியைப் படித்தார். இடது கைக்குப் போகும் குழாயிலும் அடைப்பு, அங்கே குறைவாகக் காட்டும். பிரஷர் வலது கையில் மட்டும் பார்க்கவும். அங்கிருந்தே டாக்டருக்கு ஃபோன் போட்டு, இரண்டு கையிலும் பார்க்கச் சொன்னார். நான்கு நிமிடத்தில் பதில் வந்தது.

"வலது 184. இடது 138."

"வித்தியாசம் நாப்பத்தாறு. திங்களுக்கும் செவ்வாய்க்கும் நடுவுல பிரஷர் இறங்கவே இல்ல, கை மாறுச்சு," என்றார் சுனிதா. "இந்த வரியை வீட்ல யாருக்கும் காட்டாம பைல வெச்சதும் நீங்க, மாத்திரையை நிறுத்தினதும் நீங்க. கொல்லணும்னு செய்யல. ஆனா தப்பிக்கறதுக்கு இந்தப் பொண்ணை மாட்டி விட்டீங்க. பொய்ப் புகாருக்குப் பதில் சொல்லணும். விஜி, நீ போகலாம்."

விஜி பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனாள்.

"டாடி ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டார் டிரேவர்.

"புதன்கிழமையிலேருந்து தலைவலின்னாரு. உங்ககிட்ட சொல்றேன்னேன். வேணாம், ஆபீஸ்ல இருப்பான், தொந்தரவு பண்ணாதேன்னு தடுத்துட்டாரு சார்."