பெரியவர் மிச்சம் வைத்த மாத்திரை

முதல் மாத்திரையை விழுங்கித் தண்ணீர் குடித்ததும் ஸ்னேஹா சுவரோரமாக நகர்ந்து, கட்டிலில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டுப் படுத்தாள். டாக்டரிடமிருந்து ஆட்டோவில் சாய்த்துக் கூட்டிவந்து படுக்கவைத்த பெண், பதின்மூன்று வயது, நூற்று மூன்று டிகிரி ஜுரம். புரண்டு படுக்கத் தெம்பில்லாதவள் போர்வைச் சுருக்கத்தை வேறு நீவிவிட்டாள்.

"யாருக்குடி இடம் உடறே?" என்றாள் சரளா.

"தாத்தா நின்னுட்டே இருக்காரும்மா. பாவம், கால் வலிக்கும்ல?"

அந்த வீட்டில் தாத்தா என்று யாரும் கிடையாது. சரளாவின் அப்பாவும் மாமனாரும் ஸ்னேஹா பிறப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்தவர்கள். புருஷன் அசோகன் டாக்சியோடு மைசூர் போயிருந்தான். பெங்களூர் ஈஜிபுராவின் அந்த ஒற்றை அறையில், எதிர்க் கட்டடம் ஜன்னலை முட்டிக்கொண்டு நின்றதால் பகல் பதினொரு மணிக்கே டியூப் லைட் எரிந்தது. அதன் 'ங்ஙொய்' சத்தம், கீழே தண்ணீர் மோட்டார் இரைகிற சத்தம், இரண்டுக்கும் நடுவே மகளின் நெஞ்சிலிருந்து வந்த மெல்லிய விசில். சரளா விசிலுக்குத்தான் காது கொடுத்திருந்தாள். போன வருஷம் இதே விசிலில் ஆரம்பித்து, நிமோனியாவாகி, ஸ்னேஹா ஆறு நாள் ஐசியுவில் கிடந்தாள். இன்னொரு தரம் அந்த உடம்பு தாங்காது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

டாக்டர் பக்குவமாகத்தான் சொல்லியிருந்தார். "ஃப்ளூதாம்மா. இந்த மாத்திரையை ரெண்டு நாளுக்குள்ள ஆரம்பிச்சாதான் பிரயோஜனம். காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, அஞ்சு நாள். மத்த பசங்களுக்கு ஜுரம் ஒரு நாள் முன்னாடி விடும், அவ்ளோதான். இவளுக்கு வீசிங் இருக்கு, அதனால கட்டாயம் குடு. வாந்தி வரலாம். எப்பவாவது ஒரு குழந்தை இல்லாததை எல்லாம் பார்த்து உளறும். ஜுரத்துலயும் உளறும்தான். எதுக்கும் தனியா விடாதே."

அந்த உளறல்தான் இது என்று சரளா தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். ஆனால் இரண்டு நாளாக அடித்த ஜுரத்தில் ஒரு வார்த்தை உளறாதவள், மாத்திரை உள்ளே போன மறுநிமிஷம் ஏன் உளற வேண்டும்?

ஊரே இருமிக்கொண்டிருந்த நேரம். மெடிக்கல் ஷாப்காரர் "ஸ்டாக் இல்லா, நாளே பன்னிம்மா" என்று நாளைக்கு வரச்சொல்லிக் கையை விரித்துவிட்டார். அவள் சமையல் வேலை செய்யும் கோரமங்கலா வீட்டு வித்யாலட்சுமிதான் கூப்பிட்டு மாத்திரையைக் கொடுத்தாள். வேலை செய்யும் வீட்டில் மிஞ்சியது எல்லாம் வேலைக்காரி வீட்டுக்கு வந்துவிடும். தோசை மாவு வரும், பழைய மிக்சி வரும், கழித்துப்போட்ட சுரிதார் வரும். பத்து மாத்திரை அட்டையில் ஆறு மிஞ்சி வந்ததிலும் சரளாவுக்கு அதிசயம் ஒன்றும் தெரியவில்லை. நான்கோடு ஏன் நின்றது என்ற கேள்வி இப்போதுதான் உறைத்தது.

"மாமாவுக்கு வாங்கினது. அவர் ஊருக்குப் போயிட்டார்" என்று வித்யாலட்சுமி முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள். வீட்டில் எல்லாருக்கும் ஃப்ளூ, வராதே என்று இரண்டு வாரம் லீவு விட்டிருந்தாள். இன்று காலை மாத்திரை வாங்கப் போனபோது அவள் மாமனார், பெரியவர் கஸ்தூரிரங்கனின் அறை பூட்டியிருந்தது. பாத்ரூம் போகவே வாக்கர் வேண்டிய எண்பத்திரண்டு வயது மனிதர், ஜுரத்தோடு எந்த ஊருக்குப் போனார்?

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. ஈரமண் வாசனையோடு இன்னொரு வாசனையும் அறைக்குள் இருந்தது. காரமாக, மூக்கின் உள்ளே அரிக்கிற வாசனை. சரளா அடுப்பைப் பார்த்தாள். மசாலா டப்பாக்களைத் திறந்து முகர்ந்தாள். கட்டில் பக்கம் வந்தபோது வாசனை கனமானது. மூக்குப்பொடி. அவளுக்குத் தெரிந்து மூக்குப்பொடி போடுகிறவர் ஒருவர்தான்.

எட்டு மணிக்கு இரண்டாவது மாத்திரையைப் பிதுக்கி எடுத்தாள். ஸ்னேஹா வாயைத் திறக்கவில்லை.

"தாத்தா வேணாங்கறாரு."

"அப்படில்லாம் யாரும் இல்லடா கண்ணு. ஆ காட்டு."

"மருமவ அதுல என்னமோ கலந்துட்டாங்கறாரு. அவ கை பட்டது வேண்டாமாம்."

சரளாவின் கை அந்தரத்தில் நின்றது. வித்யாலட்சுமி ஆபீஸ் போனில் பேசும் நேரம் பார்த்து, பெரியவர் வாக்கரைத் தள்ளிக்கொண்டு சமையலறைக்கு வந்து சொல்லும் வார்த்தை அது. "அவ கை பட்டது வேண்டாம் சரளா, நீயே காபி போட்டுக் குடு." வயசானால் வருகிற சந்தேகம் என்று அவளும் தலையாட்டிவிட்டுக் காபி போடுவாள். அந்தப் பேச்சை வெளியே யாரிடமும் சொன்னதில்லை. ஸ்னேஹா அந்த வீட்டுப் பக்கமே போனதில்லை.

மாத்திரையை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். அட்டை ஒட்டினது ஒட்டினபடிதான் இருந்தது. இருந்தாலும் மனசு கேட்கவில்லை. நல்ல மாத்திரை என்றால் பெரியவர் ஏன் பாதியில் விட்டார்? வித்யாலட்சுமி ஏன் முகம் பார்க்காமல் கொடுத்தாள்? கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன, யாரோ காதோரம் எடுத்துக்கொடுப்பதுபோல. சந்தேகப்பட்டதில் ஒரு நிம்மதிகூட இருந்தது. மாத்திரையை டம்ளரில் போட்டு மூடிவைத்தாள்.

"தாத்தா சிரிக்கறாரு" என்றாள் ஸ்னேஹா.

பத்து மணிக்குள் ஜுரம் ஏறியது. விசில் கரகரத்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா உள்ளே போய் வந்தது. இன்ஹேலருக்கு அடங்கவில்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள், மழை, அரை மணி ஆகும் என்றார்கள். வித்யாலட்சுமிக்குப் போன் போட்டாள்.

"மேடம், உண்மையச் சொல்லுங்க. பெரியவரு எங்க?"

"போயிட்டார் சரளா. பத்து நாளாச்சு. சொன்னா மாத்திரையை வாங்கமாட்டியோன்னுதான்..."

"மாத்திரையாலயா?"

"ஐயோ, இல்ல. நாலு வேளை போட்டதுல எழுந்து உட்கார்ந்து பேப்பர் படிச்சார். அப்புறம்தான் நான் விஷம் வைக்கறேன்னு வாயே திறக்கல. சளி நெஞ்சுல இறங்கிடுத்து. மாத்திரை நல்ல மாத்திரை. ஸ்னேஹாவுக்குக் குடுத்தியா இல்லையா?"

சரளா போனைக் கீழே போட்டாள். டம்ளரைத் திறந்தாள். மாத்திரையோடு கட்டிலுக்கு ஓடினாள்.

"வாயத் தொற. அம்மா சொல்றேன்ல, தொறடி!"

திறக்கவில்லை. மகளின் கண் மட்டும் அகலத் திறந்து அவளைப் பார்த்தது. கெஞ்சியது. அப்போதுதான் தெரிந்தது. வாயை மூடியிருந்தது அவள் அல்ல.

கன்னத்தில் விரல் பதிந்த குழி. ஒரு பக்கம் நான்கு. மறுபக்கம் ஒன்று. அழுத்தின இடம் வெளுத்திருந்தது. உதடு பல்லோடு நசுங்கியிருந்தது. சரளா கையை நீட்டினாள். முகத்தைத் தொடுவதற்கு முன்பே விரல் எதிலோ இடித்தது. தோலும் எலும்பும். சில்லென்று. பிடித்து இழுத்தாள். அசையவில்லை.

விசில் நின்றது.

மகளின் நெற்றியில் வியர்வையோடு ஒட்டியிருந்த முடி மட்டும் நகர்ந்தது. மெதுவாக ஒதுங்கிக் காதுக்குப் பின்னால் படிந்தது. மறுபடி நெற்றியிலிருந்து. மறுபடி. ஜுரத்தில் கிடக்கும் குழந்தையைத் தூங்கவைக்கிறவர்கள் கோதிவிடுவதுபோல, வெகு பிரியமாக.