அருந்ததிக்கு ஒதுக்கிய இருட்டு

மண்டபம், மேளம், சமையல்காரர் எல்லாம் பேசுவதற்கு முன்பே இருட்டுக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். சூரிய ஒளியைப் பூமிக்குத் திருப்பிவிடும் வான்கண்ணாடிகள் மேலே சுற்ற ஆரம்பித்து மூன்று தலைமுறை ஆகிவிட்டது. ராத்திரியிலும் சூரிய வெளிச்சம்தான். நெல் நாலு போகம் விளைகிறது, யாரும் குறை சொல்வதில்லை. கல்யாணத்துக்கு மட்டும் ஒரே ஒரு தடவை, கால் மணி நேரம், மண்டபத்துக்கு மேலே இருக்கும் கண்ணாடிகளைத் திருப்பி வைப்பார்கள். அதற்குள் பெண்ணும் மாப்பிள்ளையும் திரையில் அருந்ததி பார்த்துவிட வேண்டும். தவறினால் மறு இருட்டு கிடையாது.

அக்கா மகள் மாதங்கியின் கல்யாணத்தில் அருந்ததி காட்டும் பொறுப்பைப் பரஞ்சோதி வலியக் கேட்டு வாங்கிக்கொண்டார். மொட்டைமாடியில் கேமரா, அதை இயக்கும் வான்படப் பெட்டி, படம் தெரிய மணவறையில் டேப்லட். "அருந்ததியை உள்ளங்கையில கொண்டாந்து வைக்கிறேன் பாருங்க!" என்று சம்பந்தியிடம் பீற்றிக்கொண்டதும் அவர்தான்.

தாலி ஏறியது. ஜன்னல் திரைகளுக்குப் பின்னால் வெளிச்சம் அணைந்தது. டேப்லட்டோ, 'பெட்டி கிடைக்கவில்லை' என்றது.

பெட்டியின் வைஃபையில் இன்டர்நெட் கிடையாது. அதனால் டேப்லட் அதை உதறிவிட்டு, மண்டபத்து வைஃபைக்குத் தாவித் தாவி ஓடியது. பரஞ்சோதி பிடித்துப் பிடித்து இழுத்தார். வேர்த்துக் கொட்டியது.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க."

"பாஸ்வேர்டு சரியா?"

ஆளாளுக்கு யோசனை. சம்பந்தி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"மாமா," என்றாள் மாதங்கி மெல்ல. "வெளிய போயி அண்ணாந்து பாத்துட்டா என்ன?"

"உனக்கென்ன பைத்தியமா? வெறுங்கண்ணுக்கு அதெல்லாம் தெரியவே தெரியாது. பேசாம உக்காரு!"

அத்தனை பேர் முன்னால் அவள் முகம் சுண்டிப்போயிற்று. அவர் அதைக் கவனிக்கக்கூட இல்லை. பெட்டியை அணைத்துத் திரும்பப் போடலாம் என்று படியேறி ஓடினார்.

மாடிக் கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

அடேயப்பா! வானம் முழுக்க வாரி இறைத்த மாதிரி நட்சத்திரம். வடக்கே சப்தரிஷிகள் ஏழு பேரும் வரிசையாக நின்றார்கள். வசிஷ்டரை ஒட்டிக்கொண்டு, புத்தகப் படத்தில் இருப்பதைவிடச் சின்னதாக, அருந்ததி. டேப்லட் வேண்டாம், கேமரா வேண்டாம், ஒன்றும் வேண்டாம். கூப்பிட வேண்டும் என்று அவருக்குத் தெரியும். ஒரு குரல் போதும், பெண்ணும் மாப்பிள்ளையும் ஓடி வந்துவிடுவார்கள். இன்னும் ஒரு நொடி, இன்னும் ஒரு நொடி என்று வாயைப் பிளந்தபடி நின்றார்.

கண்ணாடிகள் திரும்பின. வானம் வெளுத்துப்போயிற்று.

கீழே இறங்கி வந்தார். டேப்லட்டை மூடி வைத்திருந்தார்கள். யாரும் திட்டவில்லை. மாதங்கிதான் கேட்டாள்.

"மேல போனீங்களே மாமா, நீங்களாவது பாத்தீங்களா?"

உடம்பெல்லாம் கூசியது அவருக்கு.

"இல்லம்மா. ஒண்ணும் தெரியல."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப நீங்க சொன்னதுதான் சரி மாமா. நான்தான் புரியாம பேசிட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க."