மூன்றாம் சர்வரின் பச்சை விளக்கு

"அம்மா, 'தூங்கிட்டியா'ன்னு கேட்டா 'தூங்கிட்டேன்'னு தம்பி பதில் சொல்றான். அவன் தூங்கறானா, இல்லையா?"

காவல் ஆய்வாளரின் மகள் என்றோ கேட்டது இது. அன்று வீடே சிரித்தது. ஆம்புலன்ஸ் அழைப்பு நிலையத்தில் நிற்கும்போது அது நினைவுக்கு வந்தது. இப்போது அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

காலை 9.20. தந்தை மயங்கி விழுந்துவிட்டதாக ஒருவர் அழைத்தார். "உதவி வருகிறது, காத்திருங்கள்" என்றது பதிவுக் குரல். வண்டி கிளம்பவே இல்லை. பெரியவர் முக்கால் மணி நேரம் தரையில் கிடந்தார். உயிர் தங்கியது, வலது கை விளங்காமல் போயிற்று.

நண்பகல் 12.00. பழி யார்மேல் என்பதை நிலையம் அதற்குள் முடிவுசெய்துவிட்டது. காலைப் பணியில் திரையைக் கவனித்த பெண்மேல். கண் கொட்டாமல் உட்கார்ந்திருப்பதால் எல்லோருக்கும் அவர் 'ஆந்தையக்கா'. மாலைக்குள் வேலை போகும், வழக்கும் வரும்.

"கோளாறைக் காட்டற சிவப்பு எரிஞ்சிருக்கும் மேடம். இந்தம்மா அதை அணைச்சுட்டு அரட்டை அடிச்சிருக்கும்" என்றார் தலைமைப் பொறியாளர். அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு கேடயம் மின்னியது: அரையாண்டாக ஒரு சிவப்பும் காணாத நிலையம்.

"மூணு விளக்கும் பச்சையாத்தாங்க எரிஞ்சது" என்றார் ஆந்தையக்கா.

ஏற்பாட்டை ஆய்வாளர் கேட்டறிந்தார். அழைப்புகளை ஏற்கும் கணினிகளாக மூன்று சர்வர்கள். ஒரே தீயில் எல்லாம் போய்விடக் கூடாதென்று மூன்றும் மூன்று அறைகளில். முன்னால் ஒரு பங்கிடும் கருவி. வரும் அழைப்புகளை அது மூன்றுக்கும் பிரித்துக் கொடுக்கும், சில நொடிக்கொருமுறை ஒவ்வொன்றையும் "நலமா?" என்று கேட்கும். நலமில்லை என்றாலோ பதிலே வராவிட்டாலோ சிவப்பு எரியும், அலாரம் அலறும், சுமை மற்றவற்றுக்கு மாறும். அழைப்புகள் பெருகினால் நான்காவதையும் சேர்க்கலாம்.

"ஒண்ணு படுத்தா மத்ததுங்க தோள் கொடுக்கும். எங்க வீட்டைவிட ஒத்துமை" என்றார் இணைப்புகளைப் பார்த்துக்கொள்ளும் கேபிள்காரர்.

மூன்றாவது சர்வர் ஒரு காலத்தில் நோஞ்சான் என்றும் அவரே சொன்னார். வாரம் தவறாமல் சிவப்பு. ஒவ்வொரு முறையும் ஆந்தையக்கா பொறியாளரைத் தொலைபேசியில் விரட்டுவார். அரை வருடமாக அதற்கு ஒரு தும்மல்கூட இல்லை.

"நானே திறந்து உள்ளே பழுதான நெட்வொர்க் கார்டை மாத்தினேன்" என்றார் பொறியாளர் பெருமையாக. "வேற யாரையும் அதுல கை வைக்க விடறதில்லை. பாஸ்வேர்டும் என்கிட்ட மட்டும்தான்."

ஆய்வாளர் மூன்றாம் அறைக்குப் போனார். சர்வரின் மூடியில் விரல் வைத்தார். குனிந்து திருகாணிகளைப் பார்த்தார். கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டார்.

பிற்பகல் 2.30. அந்த அழைப்பு மூன்றாவதில் விழுந்தது பதிவில் தெரிந்ததால், அதற்கு அழைப்பு போகாமல் காலையிலேயே நிறுத்தியிருந்தார்கள்; "நலமா?" என்ற கேள்வி மட்டும் போய்க்கொண்டிருந்தது. முகவரிகளைச் சேமிக்கும் தரவுக் கிடங்குக்குச் செல்லும் கேபிளை முதல் சர்வரிலிருந்து பிடுங்கச் சொன்னார் ஆய்வாளர். அலாரம் அலறியது. சிவப்பு. மறுபடி மாட்டினார்கள். இரண்டாவதிலும் அதே சிவப்பு.

"இப்ப மூணாவதுண்ணே" என்றார் ஆய்வாளர்.

கேபிள்காரர் பிடுங்கினார். அலாரம் அலறவில்லை. திரையில் பச்சை, பச்சை, பச்சை.

ஆந்தையக்கா முகத்தை மூடிக்கொண்டார்.

"திருகாணித் தலையெல்லாம் தூசி பஞ்சு மாதிரி படிஞ்சிருக்கு சார்" என்றார் ஆய்வாளர். "அந்த மூடியை நீங்க திறக்கவே இல்லை."

திறக்காத சர்வர் குணமானது எப்படி? கிடங்கு கைக்கு எட்டுகிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டிய பதிலை, எது கெட்டாலும் "நலம்" என்று மட்டும் சொல்லும்படி பொறியாளர் மாற்றியிருந்தார். அதற்கு வேண்டிய பாஸ்வேர்டு அவர் ஒருவரிடமே. சிவப்பு ஒழிந்தது, கேடயம் வந்தது, பதவி உயர்வும் வரவிருந்தது. இன்று கிடங்கின் தொடர்பைத் தொலைத்துவிட்ட அந்த சர்வர், பெரியவரின் முகவரியைக் காற்றில் விட்டுவிட்டு, "உதவி வருகிறது" என்றும் சொன்னது. இரும்புக்குப் பொய் சொல்லத் தெரியாது. மனிதன் கற்றுக்கொடுத்தால்தான் உண்டு.

"சின்ன மாற்றம்தான் மேடம்..." என்று பொறியாளர் இழுத்தார்.

"அதை அந்தப் பெரியவர்கிட்ட போய்ச் சொல்லுங்க. காய்ச்சலுக்கு மருந்து கொடுக்காம தெர்மாமீட்டரை ஒடைச்சிருக்கீங்க. அது போதாதுன்னு, அதை நம்பி உட்கார்ந்திருந்தவங்க தலையில பழியைக் கட்டினீங்களே, அதைத்தான் என்னால பொறுக்க முடியல."

மாலை 5.10. பொறியாளர் காவல் வண்டியில் ஏறினார். ஆந்தையக்காவிடம் நிலையத்தில் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேபிள்காரர் மட்டும் ஒரு டம்ளர் டீயை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

ஆந்தையக்கா வீட்டுக்குப் போகவில்லை. மருத்துவமனையில் பெரியவர் உறங்கிக்கொண்டிருந்தார். மகன் மருந்து வாங்கப் போயிருந்தார். குற்றம் தன்னுடையதல்ல என்று ஊரே சொல்லலாம். அந்தப் பச்சையை நம்பிய கண் தன்னுடையதுதானே. ஆந்தையக்கா ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். தலைமாட்டில் குளுக்கோஸ் பாட்டில் தீரும் நிலையில் இருந்தது. அதை விட்டு அவர் கண்ணை எடுக்கவில்லை. கடைசித் துளிகள் இறங்கும்போது அழைப்பு மணியை அழுத்தினார். நழுவிய போர்வையை இழுத்து, அசையாத அந்தக் கையை மூடினார். செவிலியரின் காலடி ஒரு பக்கம் கேட்க, மறு பக்கமாக வெளியேறினார்.