சரியாகிவிட்டது, நன்றி

அல்போன்சா அந்தச் சிவப்புப் புள்ளியை அழுத்திய நிமிடத்திலிருந்து அவள் கணவர் ரெக்ஸ் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஐந்து வருடத்துக்கு முன் மூளையில் ரத்தம் அடைத்து அவருக்குப் பேச்சும் எழுத்தும் போய்விட்டன. கேட்பது மட்டும் புரியும். அப்படிப்பட்டவர்களுக்காக வந்ததுதான் சொற்பாலம். மண்டைக்குள் ஒரு சில்லு நினைப்பைப் பிடிக்கும். இடுப்பில் ஒரு சின்ன லினக்ஸ் பெட்டி அதைச் சொல்லாக்கித் திருப்பித் தரும். ரெக்ஸ் மறுபடி பேசினார், எழுதினார், தூத்துக்குடி மீன் கடைகளில் பேரமும் பேசினார். தயாரித்த நிறுவனமோ இரண்டே வருடத்தில் மூடிவிட்டுப் போனது. பெட்டியை அவரவர்தான் கட்டி மேய்க்க வேண்டும்.

'புதுப்பிக்கவா?' என்று அந்தப் புள்ளி மூன்று வாரமாகத் திரையில் நின்றது. அல்போன்சா எச்சில் பாத்திரம் கிடந்தால் தூக்கம் வராத ரகம். அவர் பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டுக் குளிக்கப் போன நேரத்தில் அழுத்தித் தொலைத்தாள். பெட்டியை ஓட்டும் அடிப்படை நிரலான கருநிரல் புதிதாகிவிட்டது. சில்லோடு பேசும் இயக்கி பழையது. புதிய கருநிரல் அதை வாசலிலேயே நிறுத்திவிட்டது.

மூன்று நாள் சமிக்ஞை இல்லையென்றால் சில்லின் முனைகளைச் சதை மூடிவிடும். அப்புறம் எந்தப் பெட்டி வந்தும் பயனில்லை. இன்று மாலை ஐந்து மணியோடு மூன்று நாள் முடிகிறது.

இணையத்தில் லினக்ஸ் மன்றத்தில் கண்ட கட்டளைகளையெல்லாம் ஒட்டிப் பார்த்தாள். ஒன்றில் திரை போனது, இன்னொன்றில் திரும்பி வந்தது. இயக்கியை நீங்களே தொகுத்துக்கொள்ளுங்கள் என்றார் ஒருவர், ரசம் வைத்துக்கொள்ளுங்கள் என்பதுபோல. அழுதுகொண்டே தொகுத்தாள். கடைசி வரியில், பிழை எண் 71.

அந்த எண்ணைத் தேடியபோது மணி மூன்றரை. ஒரே ஒரு பதிவுதான் இருந்தது, மூன்று வருடப் பழையது. 'முரட்டுக்காளை71' என்பவர் இதே சில்லு, இதே பிழை என்று புலம்பியிருந்தார். மறுநாள் அவரே கீழே எழுதியிருந்தார்: "சரியாகிவிட்டது, நன்றி."

எப்படி என்று ஒரு வரி இல்லை. அந்த ஆளை ஓங்கி அறைய வேண்டும்போல் அவளுக்கு ஆத்திரம் வந்தது. ஆத்திரத்தை விழுங்கிக்கொண்டு, உங்கள் காலில் விழுகிறேன், வழியைச் சொல்லுங்கள் என்று தனிச்செய்தி அனுப்பினாள்.

கட்டிலில் கிடந்த ரெக்ஸின் கைப்பேசி அதிர்ந்தது.

திரையில் மன்றத்தின் சின்னத்தையும் அவள் படத்தையும் பார்த்த ரெக்ஸின் முகம் வெளிறிப்போனது.

"நீங்கதானா?" என்றாள்.

தலையாட்டினார். மூன்று வருடத்துக்கு முன், பிறகு செத்துப்போன முதல் பெட்டியின் உதவியில் பேசிக்கொண்டிருந்தபோதே இந்த இரண்டாவது பெட்டியை அமைத்தவர் அவர். வழி அவருக்குத் தெரியும். விசைப்பலகையை மடியில் வைத்தாள். அவசர அவசரமாகத் தட்டினார். எழுத்துகள் குவிந்தன, ஒரு சொல்கூடத் தேறவில்லை.

"கையாலயாவது காட்டுங்களேன்."

பெட்டியைக் காட்டினார், கம்பியைக் காட்டினார், இல்லை இல்லை என்று தலையை ஆட்டிவிட்டுத் தேம்பினார்.

பதிவின் கீழே பின்னாளில் நாற்பத்தொரு பேர் கேள்வி எழுதியிருந்தார்கள். அந்தக் கைப்பேசி அதிரும்போதெல்லாம் அப்புறம் பார்க்கலாம் என்று அவர் ஒதுக்கியது அவளுக்குத் தெரியும். யாராவது வழி எழுதியிருக்க மாட்டார்களா என்று ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்தாள். எப்படிச் சரிசெய்தீர்கள், ஐயா? என் மகளுக்கு நாளை வரைதான் நேரம், எப்படி? தயவுசெய்து, எப்படி?

ரெக்ஸ் காதைப் பொத்திக்கொண்டார்.

கடைசிப் பதிவு போன மாதத்தியது. "இனி பதில் வேண்டாம். அம்மாவின் பேச்சு இன்று போய்விட்டது."