வெற்று வரியிலும் பேசு

பேசத் தொடங்குவதற்கு முன் அந்தக் குரல் உதட்டைப் பிரித்தது.

மெல்லிய, ஈரமான ஒரு ‘ப்ச்’. கணினிக் குரலுக்கு ஏது உதடு என்று முதலில் நினைத்தவள், வழக்கம்போலத் தப்பு தன்னுடையதாகத்தான் இருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டு, ஹெட்போன் செருகியைப் பிடுங்கித் துடைத்துத் திரும்பச் செருகினாள். தான் போகும் மாலைக் கணினி வகுப்பில் சொல்லிக்கொடுத்த வரிசையிலேயே ஒலி அமைப்புகளை மறுபடி முதலிலிருந்து சரிபார்த்தாள். எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. மேசையைச் சுற்றி மட்டும் பிழியாமல் விட்ட துணியின் புளித்த வாடை.

“என்ன வாத்தியாரம்மா, உசிரு வந்துச்சா?” என்றான் பக்கத்து நாற்காலியில் இருந்த அண்ணன்.

போன வருடம் பார்வை போகும்வரை, படமோ பொத்தானோ இல்லாத கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டியே அலுவலகத்தின் சர்வர் கணினிகளை மேய்த்தவன் அவன். நாளைக் காலை அதே வேலையைக் காதால் கேட்டுச் செய்துகாட்டினால் பழைய அலுவலகத்தில் இடம் திரும்பக் கிடைக்கும். காட்டாவிட்டால் வேறொருவருக்கு. அதற்காகத்தான் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் இந்த நிரலை அவள் நிறுவிக்கொண்டிருந்தாள்.

“வந்துடுச்சுண்ணா. குரல்தான்... எச்சில் ஊறின மாதிரி இருக்கு.”

“இருக்கட்டும். நான் என்ன அதைக் கல்யாணமா பண்ணிக்கப் போறேன்? வெத்து வரியில மட்டும் அது வாயத் தொறக்கக் கூடாது. அந்த அமைதிய வெச்சுத்தான் கட்டளை முடிஞ்சுதுன்னு எனக்குத் தெரியும்.”

அவள் “சரி” என்றாள். மத்தியானம் சோதித்துப் பார்த்தபோது அந்த அமைதியைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. நிரல் வேலை செய்கிறதா, செத்துவிட்டதா? தெரிந்துகொள்வதற்காக ‘வெற்று வரியிலும் பேசு’ என்ற அமைப்பை ‘ஆம்’ என்று மாற்றியிருந்தாள். திரும்ப மாற்ற மறந்துபோயிருந்தாள்.

அண்ணன் ஹெட்போனை மாட்டிக்கொண்டான். தனக்குத் தேவைப்படாத மானிட்டரைக் கையால் தடவி அணைத்தான். குரலின் வேகத்தைக் கூட்டக் கூட்ட, வெளியே கசிந்த ஒலியில் அவளுக்குச் சொற்கள் கேட்கவில்லை. பல்லில்லாத வாய் ஒன்று ஊறிய ரொட்டியைக் குதப்பிக் குதப்பி விழுங்கும் சத்தம் மட்டும் கேட்டது. வாடை கனத்தது. தூங்கி எழுந்தவன் வாய் போல.

“ஏன் வழவழன்னு இருக்கு? தின்ன கையோட தொட்டியா?” அவன் காதோரம் துடைத்தான். விரலோடு ஒரு நூல் நீண்டு, தொய்ந்து, அறுந்தது.



“என்ன படிக்குதுண்ணா?”

“நீ வெச்ச கோப்புதானே? முடியவே மாட்டேங்குது. நல்லாயிருக்கு.”

அவள் எந்தக் கோப்பும் வைக்கவில்லை. மானிட்டரைப் போட்டாள். கறுப்பு. மூலையில் கர்சர் மட்டும் துடித்தது. ஓர் எழுத்துகூட இல்லை.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. விசைப்பலகையை இழுத்து அந்த அமைப்பை ‘இல்லை’ என்று மாற்றினாள். சேமித்தாள். குதப்பல் நிற்கவில்லை. நிரலையே நிறுத்தினாள்.

நிற்கவில்லை.

“அண்ணா, கழட்டு.”

“இரும்மா. இத வெச்சு நாளைக்கு அசத்திடலாம்.”

செருகியைப் பிடுங்கினாள். கம்பி தொங்கியது. அதன் உலோக நுனியிலிருந்து ஒரு சொட்டு அவள் பாதத்தில் விழுந்தது.

வெதுவெதுப்பாக.

சத்தம் இப்போது இன்னும் தெளிவாகக் கேட்டது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு ஹெட்போனின் பஞ்சை விரல்நுனியால் பிடித்து இழுத்தாள். வர மறுத்தது. பிறகு, ‘ப்ச்’.

பஞ்சுக்கும் காதுக்கும் நடுவே வெளுத்த, தடித்த நாக்கு. காதுமடலில் இடமிருந்து வலமாக நக்கியது. ஓரத்தில் நின்றது. தொடக்கத்துக்குத் திரும்பியது. ஒரு வரி கீழே இறங்கியது.

அண்ணன் கண்ணை மூடிச் சிரித்தான்.

“இன்னும் கொஞ்சம் வேகமா,” என்றான், அதனிடம்.